மாருதி சார்

எல்லா ஊரிலும் ஒரு நகர் உண்டு. எல்லா நகரிலும் ஒரு மாருதி சார் உண்டு. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய 1994 மாடல் மாருதி 800-க்கு மட்டும் ஓய்வு கிடையாது. "796 சி.சி., மூணு சிலிண்டர். இன்னைக்கும் கொடைக்கானல் ஏறும்" என்பார், கேட்காதவரிடமும். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததை, பக்கத்தில் மாலையோடு நின்றவர் போல விவரிப்பார். 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது, அவரைக் கலக்காமல் எடுத்த முடிவு.

வண்டிக்கு ஒரே குறை: கியர் பாக்ஸில் ஆயில் கசியும். அவரிடம் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. "லேசா வேர்க்குது, அவ்வளவுதான்."

விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சும் கையுமாக முன் சக்கரத்தருகே குந்துவார். அடியில் விரித்த பிரிட்ஜ் அட்டையில் இரவு விழுந்த வட்டத்தை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். இன்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும். கூலன்ட் என்றால் தண்ணீராக ஓடும். இதுவோ தேன் நிறம், பிசுபிசுப்பு, குப்பென்று கந்தக நெடி. "கியர் ஆயில்தான்!" என்று திருப்தியோடு எழுவார். நோய் தெரிந்துவிட்டது, வைத்தியம் எதற்கு? "அந்தக் கையோட காபி டம்ளரைத் தொடாதீங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்.

பட்டறைக்குப் போகாதவர் என்று பழி சொல்ல முடியாது. போவார், ரிப்பேருக்கு இல்லை, விவாதத்துக்கு.

"ஆக்சில் சீல்தான் சார். ரப்பர் காஞ்சு இறுகிடுச்சு."

"பாக்ஸை இறக்கணுமா தம்பி?"

"வேண்டாம் சார். ஆயிலை வடிச்சு, ஆக்சிலை உருவி, சீலை மாத்திட்டா முடிஞ்சது. மத்தியானம் வண்டியை எடுத்துக்கலாம்."

"இவ்வளவு சின்ன வேலையா! அப்ப அவசரமில்லை. பொங்கல் போகட்டும்."

பாக்ஸை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தாலும் பொங்கல் போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். பெரிய வேலை என்றால் செலவு. சின்ன வேலை என்றால் அவசரமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆயில் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்.

கைவைத்தியம் மட்டும் தாராளம். கசியும் இடத்தில் எம்-சீலைப் பிசைந்து அப்புவார். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அது ஒட்டாது. ஒட்டிய ஒரே இடம், கியர் பாக்ஸ் மூச்சு விடும் பிரீதர் துவாரம். அது அடைபட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாக இன்னும் வேகமாக வெளியே வரும். "முன்னைவிட ஜாஸ்தி வேர்க்குதே! வெயில்தான்" என்பார். அடுத்து, 90 ஆயிலை விட்டுவிட்டுக் கெட்டியான 140-ஐ ஊற்றுவார். மார்கழிக் காலையில் ஃபர்ஸ்ட் கியர் விழ மறுக்கும். "கியர் டைட்டா இருந்தாத்தான் வண்டி நம்ம கையில நிக்கும்."

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அன்றைக்கு அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்க்கிற வரைக்கும் சொட்டாமல் பார்த்துக்கொள்வார். வீடு திரும்பியதும் அட்டையை விரித்துவிடுவார்.

இன்ஜின் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் ஆயிலுக்கு விளக்கும் இல்லை, மணியும் இல்லை. பேரிங் காய்ந்து 'ஊய்' என்று ஊளையிடுவதுதான் முதல் எச்சரிக்கை. மாருதி சார் உடனே நடவடிக்கை எடுப்பார்: பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அதற்கப்புறம் நாலாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளத் தொடங்கும். அதற்கும் வழி இருக்கிறது. சமயபுரம் போகும்போது பெங்களூரு மாப்பிள்ளையை முன் சீட்டில் உட்காரவைத்து, "இந்த ராடைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்பார். தலை தீபாவளிக்கு வந்தவருக்கு மாமனார் வீட்டில் கிடைத்த முதல் பொறுப்பு அது. ஒரு கையில் கியர் ராடும் மறு கையில் தேங்காய்ப் பையுமாக அவர் கோயில் வாசல் வரை பேசவே மாட்டார்.

கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் கடகடவென்று சத்தம் வரும். பாக்ஸ் இறங்கும். பல்லெல்லாம் தேய்ந்து, பேரிங் நீலம் பாரித்துக் கிடக்கும். பில்லைப் பார்த்துவிட்டு மாருதி சார், "இந்தக் காலத்து மெக்கானிக்குக்கு முன்கூட்டியே சொல்லத் தெரியலை" என்பார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாருதி சார் இருந்தால் வாதாடிப் பயனில்லை. அவர் மத்தியானம் தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுங்கள். ஹோட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடுகிற காசுக்குள் சீல் கிடைக்கும். கூலி கொஞ்சம் கூட ஆகும், ஆனாலும் கொடுத்துவிடுங்கள். புது கியர் பாக்ஸைவிட மலிவு, மாப்பிள்ளைக்கும் மரியாதை.