வெள்ளிக் கப்பல் வருதுய்யா!

மாப்ளே, ஸ்பெயினுக்குப் போறியாமே. போற போக்குல செவியாவையும் பார்த்துட்டு வரணும்னு உன் வீட்டுக்காரி ஒத்தக்கால்ல நிக்கிறதாக் கேள்விப்பட்டேன். பார்க்க வேண்டிய ஊருதான். பயப்படவும் வேண்டாம். தூர தேசத்துல இருந்து வர்றவன் மடியில என்ன முடிஞ்சு வச்சிருக்கான்னு ஐநூறு வருசமாத் தடவிப் பார்த்துப் பழகுன ஊரு அது. உன்னைக் கண்டு மிரளாது.

போறதுக்கு முன்னால கதையைத் தெரிஞ்சுக்கோ. 1503-ல இசபெல்லா ராணி அங்க ஒரு கச்சேரி வச்சா. பாட்டுக் கச்சேரி இல்லடா, கணக்குக் கச்சேரி. அமெரிக்காவுக்குப் போற கப்பலு, அங்கருந்து வர்ற கப்பலு எதுவானாலும் அங்கதான் கணக்குக் காட்டணும். இத்தனைக்கும் செவியா கடற்கரை ஊரு கிடையாது. குவாதல்கிவிர் ஆத்து வழியா 80 கிலோமீட்டருக்கு மேல உள்ள வரணும். வெள்ளி ஏத்துன கப்பல் அம்புட்டும் முக்கி முனகி ஆத்துல ஏறி வந்து சரக்கை இறக்குச்சு. வெட்டி எடுத்த வெள்ளியில அஞ்சுல ஒரு பங்கு ராசாவுக்கு. மிச்சத்துல எம்புட்டு உள்ளூர்ல தங்குச்சுன்னு அங்க இருக்கிற மாளிகைகளைப் பார்த்தாலே தெரியும். பொறவு ஆத்துல மண்ணு மேடு தட்டி, பெரிய கப்பல் ஏற முடியாமப் போயி, 1717-ல கச்சேரியைத் தூக்கிக் காதிஸ் துறைமுகத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. கப்பல் நின்னு போச்சு. கை அரிப்பு நிக்குமா? இப்ப விமானத்துல இருந்து நீ இறங்குற. நீதான் மாப்ளே வெள்ளிக் கப்பல்.

சான் பாப்லோ விமான நிலையத்துல இருந்து ஊருக்கு 10 கிலோமீட்டர்தான். விமான டிக்கெட்டுல ரெண்டாயிரம் ரூவா குறையுமான்னு ராத்திரி ராத்திரியா போனைத் தேய்ச்சவன் நீ. இந்தப் பத்துக் கிலோமீட்டரைப் பத்தி மட்டும் ஒரு நிமிசம் யோசிச்சிராத. யோசிச்சா, வெளிய வந்ததும் நகராட்சி பஸ் நிக்கிறது கண்ணுல பட்டுரும். சாந்தா ஹுஸ்தா ரயிலடி, ஆத்தங்கரைப் பொன் கோபுரம்னு நின்னு நின்னு பிளாசா தெ ஆர்மாஸ் பஸ் நிலையம் வரைக்கும் போகும். அஞ்சு யூரோ பக்கத்துல டிக்கெட்டு, அரை மணி முக்கால் மணி நேரம். அதுல போய் ஏறினா வெளிநாடு போன கெத்து என்னத்துக்காகும்? உள்ளூர்க்காரன் பையைத் தூக்கிட்டு அதுலதான் ஏறுவான். அவனுக்கு விவரம் பத்தாது, விடு.

டாக்சிக்கும் அங்க ஒரு கட்டுதிட்டம் உண்டு. விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இவ்வளவுன்னு ஒரே கட்டணம். பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கும் விடுமுறை நாளுக்கும் ஒண்ணு, ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துக்கும் ஏப்ரல் திருவிழாவுக்கும் இன்னும் கூட ஒண்ணு. மீட்டர் ஓடுற ஓட்டத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார வேண்டியது இல்ல. ஏறுறதுக்கு முன்னால கட்டணப் பலகையில எந்த வரி உனக்குன்னு டிரைவர்கிட்ட விரலை வச்சுக் காட்டு. பாஷை தெரியாட்டி என்ன, விரலுக்குப் பாஷை ஏது.

இன்னொரு வகை இருக்கு. அதுதான் உனக்கு ஏத்தது. முன்கூட்டியே காசு கட்டிட்டா, வெளிவாசல்ல கோட்டுப் போட்ட ஆளு உன் பேரை எழுதுன அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நம்ம சொந்தக்காரங்க கல்யாணப் பத்திரிகையில உன் பேரைப் போடும்போதுகூட கடைசி வரியில, அதுவும் எழுத்துப் பிழையோடதான் போட்டாங்க. அங்க பார்த்தா தனி அட்டையில கொட்டை எழுத்துல பேரு. அந்தச் சந்தோசத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ரேட்டு. கிண்டல் கிடக்கட்டும், உன் மாமியாரைக் கூட்டிட்டுப் போற, அந்தம்மாவுக்கு முட்டி வலி, ஆளும் அஞ்சு பேரு, இறங்குறதோ நடுராத்திரின்னா அந்த வேன் தப்பில்ல. சாதா டாக்சியில நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டான். ஆனா காசு கட்டுறதுக்கு முன்னால ரெண்டு கேள்வி கேளு. விமானம் தாமதமானா எம்புட்டு நேரம் காத்திருப்பான்? வாசல்ல இறக்கி விடுவானா, தெருமுனையிலயா?

ரெண்டாவது கேள்வியிலதான் விசயமே இருக்கு. நீ ரூம் போட்டிருக்கிறது சாந்தா குரூஸ் பக்கம்னு உன் தங்கச்சி சொன்னா. பழைய யூதர் தெருக்கள் அதெல்லாம். வெயிலு உள்ள விழக்கூடாதுன்னு சந்துகளை ஒடுக்கி ஒடுக்கிக் கட்டியிருக்கான். சில சந்துல நீ ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு வீட்டுச் சுவரும் தட்டும். அதுக்குள்ள கார் எப்படிப் போகும்? கோட்டுக்காரன் முனையில நிறுத்தி, கையைக் காட்டி, சிரிச்சுட்டுப் போயிருவான். அங்கருந்து நீ, உன் மூணு பெட்டி, கல்லுப் பாவுன தெரு. சக்கரம் வச்ச பெட்டியை ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கல்லுல இழுத்துட்டுப் போனா, ஊர்க்கோடியில காலி மாட்டுவண்டி ஓடுற மாதிரி கடகடன்னு தெருவே முழிச்சுக்கும். மாடியில ஒவ்வொரு ஜன்னலா விளக்கு எரியும். நீ வந்த சேதியை ஊருக்கே சொல்லிக்கிட்டுப் போகலாம். தனியா அட்டை எதுக்கு?

மூணு பெட்டியில ஒண்ணு பலகாரம்னு தெரியும். பால்கோவாவைத் தயவுசெஞ்சு வச்சுட்டுப் போ. பால் சாமானும் இறைச்சியும் வெளிய இருந்து ஐரோப்பாவுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு சட்டம். சுங்கத்துக்காரன் எடுத்துக் குப்பையில போடுறதைப் பார்க்கிற தெம்பு உனக்கு இருந்தா எடுத்துட்டுப் போ.

இன்னொரு வழியும் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிறாத. எப்படியும் மாட்ரிட்லதான் இறங்குற. அங்கருந்து செவியாவுக்கு இன்னொரு விமானம் ஏறி, மறுபடியும் வரிசை, மறுபடியும் பெட்டிக்குக் காத்துக் கிடக்கிறது எதுக்கு? அதோச்சா ரயில் நிலையத்துக்குப் போயி அதிவேக ரயில்ல உட்காரு. ரெண்டரை மணி நேரம் சொச்சத்துல செவியா ஊருக்குள்ளயே இறக்கி விட்டுரும். ஸ்பெயின்ல முதன்முதலா அதிவேக ரயில் விட்டதே அந்தத் தடத்துலதான், 1992-ல, செவியாவுல உலகக் கண்காட்சி நடந்தப்ப. ஆலிவ் தோப்பா ஓடும், பார்த்துக்கிட்டே போகலாம். ஆனா பாரு, அதுல அட்டை பிடிக்க ஆள் வர மாட்டான்.

சரி, ஊருக்குள்ள வந்துட்ட. முதல்ல பெரிய கோயிலுக்குப் போ. பழைய மசூதி இருந்த இடத்துல 1401-ல முடிவு பண்ணி, நூறு வருசத்துக்கு மேல கட்டுன கதீட்ரல். கோத்திக் கோயில்கள்ல அதைவிடப் பெருசு கிடையாது. உள்ள கொலம்பசு சமாதி இருக்கு. நாலு ராசாங்க சவப்பெட்டியைத் தோள்ல தூக்கிட்டு நிக்கிற மாதிரி சிலை. காஸ்தீல், லெயோன், அரகோன், நவார்னு ராச்சியத்துக்கு ஒருத்தர். கூட்டத்துல எட்டிப் பார்த்து போட்டோ எடுத்துட்டு ஓடிறாத. உன்னைய மாதிரி வண்டி மாறி வண்டி மாறி அலையுற எல்லாருக்கும் அவருதான் குலசாமி.

கேளு கதையை. மனுசன் 1506-ல வாயதோலித் ஊர்ல செத்தாரு. அங்க புதைச்சாங்க. மூணு வருசம் கழிச்சு எடுத்துச் செவியாவுக்குக் கொண்டு வந்தாங்க. பொறவு கடல் தாண்டி சாந்தோ தொமிங்கோவுக்கு. அந்தத் தீவு பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனதும் 1795-ல அங்கருந்து கியூபாவுல ஹவானாவுக்கு. 1898-ல கியூபாவும் கையை விட்டுப் போனதும் திரும்பச் செவியாவுக்கு. உசுரோட இருந்தப்ப நாலு தடவை அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயிட்டு வந்தாரு, செத்த பொறவும் அலைச்சல் தீரல. இதுல ஒரு வில்லங்கம். 1877-ல சாந்தோ தொமிங்கோ கோயில்ல அவரு பேரு பொறிச்ச ஈயப் பெட்டி ஒண்ணு ஆப்பிட்டுச்சு. அசல் ஆளு இங்கதான் இருக்காரு, நீங்க தூக்கிட்டுப் போனது வேற யாரையோன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. செவியாவுல இருக்கிற எலும்பை எடுத்து, தம்பி தியேகோ எலும்போட வச்சு டிஎன்ஏ பார்த்தாங்க. பொருந்துதுன்னு 2006-ல சொல்லிட்டாங்க. ஆனா செவியாப் பெட்டியில இருக்கிறது ஒரு ஆளு எலும்பு முழுசும் இல்ல, கொஞ்சந்தான். ஆக, பாதி லக்கேஜ் இன்னும் அந்தக் கரையில கிடக்கலாம். உன் பெட்டி ஒண்ணு துபாய்ல தங்கிப் போச்சுன்னு கவுண்டர்ல கத்துறதுக்கு முன்னால இவரை நினைச்சுக்கோ.

பக்கத்துலயே ஹிரால்தா கோபுரம். மசூதிக் கோபுரமா 1198-ல முடிச்சது. மணிக்கூண்டு பின்னால கிறித்தவங்க வச்சது. உயரம் நூறு மீட்டருக்கு மேல. உன் மாமியாரைக் கீழ உட்கார வச்சிறாத. படிக்கட்டு கிடையாது, சரிவுப் பாதைதான், 35 சரிவு. தொழுகைக்கு அழைக்கிறவரு குதிரையிலயே மேல போகணும்னு அப்படிக் கட்டுனாங்களாம். கடைசியில மட்டும் கொஞ்சம் படி. அந்தம்மா ஆடி அசைஞ்சு ஏறிரும். நீதான் பதினஞ்சாவது சரிவுல ஜன்னலோரமா நின்னு ‘காட்சி அருமை’ன்னு மூச்சு வாங்குவ.

வெளிய வந்ததும் ஒரு பொம்பளை ரோஸ்மேரித் தழையைக் கையில திணிப்பா. சும்மா வச்சுக்கோ ராசான்னு சிரிப்பா. சும்மாதானேன்னு வாங்குனா, வாங்குன கையைப் பிடிச்சு ரேகை பார்த்து, உனக்கு யோகம் வருதுன்னு சொல்லி, அந்த யோகத்துக்குக் கூலி கேப்பா. யோகம் அவளுக்குத்தான். ரெண்டு கையையும் பையில விட்டுக்கிட்டு நட. ‘இலவச நடைச் சுற்றுலா’ன்னு குடையைத் தூக்கிப் பிடிச்சுக் கூப்பிடுவாங்களே, அதுவும் முடியிற இடத்துல தொப்பிதான். ஆனா அவங்க வேலை செஞ்சு வாங்குறாங்க. ரெண்டு மணி நேரம் கதை கேட்டுட்டு அஞ்சு யூரோ போடாம நழுவிராத. குதிரை வண்டின்னா ஏறுறதுக்கு முன்னால பேசு. ஏறுன பொறவு பேசுனா குதிரையே சிரிக்கும்.

அல்காசர் அரண்மனைக்கு மட்டும் சீட்டை வீட்டுல இருந்தே எடுத்துட்டுப் போ. வாசல்ல பார்த்துக்கலாம்னு போனா வாசலைத்தான் பார்ப்ப. உள்ள இருக்கிற பெரிய மாளிகை 1364-ல கிறித்தவ ராசா பேத்ரோ முசுலிம் கைவினைக்காரங்களை வச்சுக் கட்ட ஆரம்பிச்சது. சுவரு பூரா அரபு எழுத்து. மேல் மாடி இன்னிக்கும் ராச குடும்பத்துக்கு. இதுக்கு நேர் எதிர்ல காசே வாங்காத கட்டடம் ஒண்ணு இருக்கு. அதனாலதான் உன்னை மாதிரி ஆளு அங்க போறது இல்ல. இந்திய ஆவணக் காப்பகம்னு பேரு. அமெரிக்காவைத்தான் அவங்க ரொம்ப நாளா இந்தியான்னு சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. முதல்ல அது வியாபாரிகளுக்குக் கட்டுனது. அதுக்கு முன்னால அவங்க கோயில் படியில உக்காந்து வியாபாரம் பண்ணி, மழை வந்தா கழுதை குதிரையோட கோயிலுக்குள்ளயே நுழைஞ்சிருக்காங்க. பொறுக்க மாட்டாம தனிக் கட்டடம். 1785-ல இருந்து பழைய காகிதமெல்லாம் அங்க. கப்பல் கணக்குப் பூரா, எட்டுக் கோடிப் பக்கம். உன் முப்பாட்டன் மடியில எம்புட்டு இருந்துச்சுன்னு மட்டுந்தான் அதுல இருக்காது.

கணக்குன்னதும் ஞாபகம் வருது. செர்வாந்தேசுன்னு எழுத்துக்காரன், வரி வசூல் பண்ற வேலையில இருந்தான். வசூல் பணத்தைப் போட்டு வச்ச செவியா வங்கிக்காரன் திவாலாகி ஓடிட்டான். கணக்கு உதைச்சு 1597-ல இவனைச் செவியாச் சிறையில போட்டாங்க. அங்கதான் தொன் கிஹோத்தே கதை மனசுல விழுந்துச்சுன்னு சொல்லுவாங்க. நீயும் வீட்டுக்காரிகிட்டச் செலவுக் கணக்கை மறைச்சுப் பாரு, ஒரு நாவல் வந்தாலும் வரும்.

ஜூலை, ஆகஸ்டுன்னா நாப்பது டிகிரி தாண்டும். நம்ம வெயிலைப் பார்த்தவன்னு மார் தட்டாத. மதியம் மூணு மணிக்கு நீயும் நாயும்தான் தெருவுல நிப்பீங்க, நாய்கூட நிழலுக்குப் போயிரும். கடைக்காரன் கதவைச் சாத்திட்டுத் தூங்குவான். ராத்திரிச் சாப்பாடு ஒம்போது மணிக்கு மேல. ஏழு மணிக்கே பசிச்சுதுன்னா தெருவோர ஆரஞ்சு மரத்துல ஒண்ணு பறிச்சுக் கடி. ஊரு பூரா மரம், குளிர்காலத்துல தங்கமாத் தொங்கும். ஏன் ஒருத்தனும் பறிக்கலைன்னு கேக்காத, கடி. கசப்பு காதுக்கு ஏறும். வெள்ளைக்காரன் ரொட்டிக்கு ஜாம் போடத்தான் அது லாயக்கு.

திரும்பி வர்ற அன்னிக்குப் புனித வாரமா இருந்தா மூட்டையை முதல் நாளே கட்டு. சாமி ஊர்வலம் தெருவை அடைச்சிரும், டாக்சியாவது ஒண்ணாவது.

கிளம்புறதுக்கு முன்னால சான் லெயாந்த்ரோ கன்னியர் மடத்துக்குப் போ. சுவத்துல மரத்துல செஞ்ச உருளை ஒண்ணு இருக்கும், சுத்துறது. மணியை அடிச்சா உள்ள இருந்து குரல் மட்டும் வரும். வேணுங்கிறதைச் சொல்லி, காசை உருளையில வை. அது சுத்தும், உள்ள இருந்து டப்பா வரும். கன்னியர் முகம் தெரியாது, பேரமும் கிடையாது. முட்டை மஞ்சக்கருவும் சீனியும் சேர்த்துப் பண்ணுனது, வாயில போட்டாக் கரையும். எனக்கு ஒரு டப்பா. சர்க்கரை இருக்குன்னு உன் அத்தை குதிப்பா. அதனால அவளுக்குன்னு ஒரு டப்பாவை எல்லாரும் பார்க்க நடுவீட்டுல வச்சுக் குடு. என்னோடதைத் தொழுவத்துப் பக்கமா வந்து குடுத்துட்டுப் போ.