தாத்தாவுக்கு ஓர் அடிக்குறிப்பு

எல்லயில் உட்கார்ந்து சட்ட ஆய்வுக் கட்டுரை எழுதுவது ஒரு தவம். ஊரே ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலைப் படம் பிடிக்கக் காத்திருக்கும்போது, நான் கோடகன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க. ஒரே வழக்கு, இரண்டு விலாசம். லண்டன் தொகுப்பில் சதுர அடைப்புக்குள் 1953, ஏ.சி. 514. நம்மூர்த் தீர்ப்புத் தொகுப்பான என்.எல்.ஆரில் வட்ட அடைப்புக்குள் 1953, 54ஆம் தொகுதி, 433ஆம் பக்கம். சதுரம் என்றால் ஆண்டை வைத்துத்தான் புத்தகத்தை எடுக்க வேண்டும். வட்டம் என்றால் தொகுதிக்குத் தனி எண் உண்டு. ஆண்டு வெறும் மாப்பிள்ளைத் தோழன். அடைப்பு மாறினால் விரிவுரையாளர் துடித்துப்போவார். தீர்ப்பு என்ன என்பதை அப்புறம்தான் கேட்பார். தோட்டத்து ஆட்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்த சட்டங்கள் செல்லும் என்பதே அந்தத் தீர்ப்பு.

"எங்க கதைய எழுத லண்டன் புஸ்தகம் எதுக்குடா?" என்றார் அப்பாயி.

"ஆதாரம் வேணும் அப்பாயி."

"நான் சொன்னேன்னு போடு."

போடலாம்; நேர்காணலுக்கும் அடிக்குறிப்பு உண்டு. பெயர், இடம், தேதி எழுதினால் போதும். ஆனால் எதைக் கேட்டாலும் அப்பாயியிடம் ஒரே தேதிதான்: "பெரிய மழை பெஞ்ச வருஷம்." ஊவாவில் எந்த வருஷம் பெய்யவில்லை?

என் விரிவுரையாளரைக் கடுமையானவர் என்பார்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தைப் படித்தால் அவர் பச்சைக் குழந்தை. குடியுரிமை பெற, 1946 ஜனவரி 1க்கு முந்தைய காலத்தில் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது: கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம். தாத்தா பிறந்ததே இங்கேதான். பிறந்ததற்குக் கடதாசி இல்லை. இருந்த ஒரே சாட்சி தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோல். அதில் ஒரு தோட்டத்துத் துரை எழுதிய பெயர் வேறு, அடுத்த தோட்டத்துத் துரை எழுதிய பெயர் வேறு. மூல ஆவணங்கள் முரண்பட்டால் ஆய்வாளன் ஒரு குறிப்பு எழுதித் தப்பிக்கலாம். தாத்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது, மனு தள்ளுபடி.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இப்படிக் குடியுரிமை இல்லாமல் நின்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு வைத்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். நான் அப்படி எழுதினால் பூஜ்யம் போடுவார்கள்.

குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தக் கடதாசி வேட்டை ஓயவில்லை. ஆகவே, தீபாவளிக்கு லயத்தைச் சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளத் துண்டு, பதிவுச் சீட்டு எதையும் அடுப்பில் போடாதீர்கள். முடிந்தால் ஓரத்தில் ஆண்டையும் எழுதி வையுங்கள். வட்ட அடைப்புக்குள்.