மூவாயிரம் பாட்டை வாங்கி ஒரே பாட்டைக் கேட்பது எப்படி?

செல்போனிலேயே ஊர்ப்பட்ட பாட்டு கிடக்கிறது. இருந்தாலும் சட்டையில் மாட்டிக்கொள்ளும் குட்டி எம்பி3 பிளேயர் ஒன்று வேண்டும் என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கிறது. சபாஷ்! கீழே உள்ள எட்டுப் படிகளையும் வரிசையாகச் செய்யுங்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், மீதியையும் முறையாக முடித்துவிடுவோம்.

1. மாலை ஏழு மணிக்கு பெங்களூரு சிவாஜிநகர் பேருந்து நிலையம் பக்கம் போங்கள். அதற்கு முன் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் வாங்கிவிடுங்கள். 1927-ல் கட்டிய மார்க்கெட் அது. அங்கே செவுளைத் தூக்கிப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். இருக்கிற சந்தேகத்தையெல்லாம் மீனிடமே தீர்த்துவிட்டு, சுத்தமான மனதோடு பிளேயர் வாங்க வாருங்கள்.

2. கடை என்பது நடைபாதையில் விரித்த போர்வை. நாலு மூலையைச் சேர்த்துப் பிடித்தால் மூட்டை. "ரிப்பேர் ஆனா?" என்று கேளுங்கள். "நான் எங்கண்ணா போகப் போறேன், இங்கதான் இருப்பேன்" என்பார் கடைக்காரர். இதுதான் வாரண்டி கார்டு. பத்திரமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பேரம் பேசும்போது சரித்திரம் பேசுங்கள். 2001-ல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. 2005-ல் திரையே இல்லாத ஷஃபிள் வந்தது. 2022-ல் ஆப்பிள் ஐபாடையே நிறுத்திவிட்டது. இதையெல்லாம் எடுத்துவிட்டு ஐம்பது ரூபாய் குறையுங்கள். அவர் நூறு ரூபாய் ஏற்றித்தான் சொல்லியிருப்பார். அதை எண்ணிப் பார்க்காதீர்கள்.

4. அவர் ஒரு பாட்டு போட்டுக் காட்டுவார். உறுமியும் தவிலும் சேர்ந்து இடிக்கிற பாட்டு. அந்த இடியில் எந்த இயர்போனும் பிரமாதமாகத்தான் கேட்கும். வீணை, புல்லாங்குழல் என்று ஏதாவது கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். தலையை ஆட்டுங்கள், காசைக் கொடுங்கள்.

5. மெமரி கார்டு மேலே 16 ஜிபி என்று அச்சடித்திருக்கும். அச்சில் வந்தால் சத்தியம்தானே! உள்ளே 4 ஜிபிதான் இருந்தாலும், 16 என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும்படி போலிக் கார்டைப் பழக்கியிருப்பார்கள். நீங்கள் ஏற்றுவதையெல்லாம் அது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். பிறகு பெயர் இருக்கும், பாட்டு இருக்காது. இலை போட்டுச் சோறு போடாத பந்தி. முதல் நாளே சோதித்துவிட்டால் இந்த அனுபவம் உங்களுக்குக் கிடைக்காது.

6. இப்போது பாட்டு ஏற்றுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. ஐந்து நிமிடப் பாட்டாக மூவாயிரம் போட்டால் 250 மணி நேரம். ஆகஸ்ட் 29 மாலை சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தில் கொடியேறும்போது தட்டிவிட்டால், செப்டம்பர் 8 மாலை தேர் கிளம்பும்போதும் பாட்டு மிச்சம் இருக்கும். உங்களுக்கு அத்தனை நாள் விழித்திருக்க முடியாதே என்று யோசிக்காதீர்கள். ஏற்றுவதுதான் இன்பம், கேட்பது யாருக்கு வேண்டும்? ஏற்றி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுக்காமல் வெடுக்கென்று பிடுங்குங்கள். கொஞ்சநஞ்சம் சரியாக ஏறிய பாட்டும் அப்போதுதான் கெடும்.

7. பஸ்ஸில் ஏறியதும் இன்ஜின் சத்தத்தை அமுக்கும் வரை வால்யூமைக் கூட்டுங்கள். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கஷ்டப்பட்டு மூவாயிரம் பாட்டு ஏற்றியவர் வாரத்துக்கு 4 மணி நேரத்தோடு நிறுத்துவதா? அமைப்பு உங்கள் பஸ்ஸில் வந்ததில்லை. வீட்டில் அம்மா மூன்று முறை கூப்பிட்டும் காதில் விழாதபோது, பிளேயர் நன்றாக வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

8. நிறுத்தின இடத்தை ஞாபகம் வைக்கும் வழக்கம் இந்தப் பிளேயருக்குக் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கார்டில் முதலில் ஏறிய பாட்டிலிருந்துதான் தொடங்கும். முதலில் ஏறியது எது? கடைக்காரர் போட்டுக் காட்டிய அதே உறுமிப் பாட்டு. அதை அழித்துவிடலாமே என்று தோன்றும். அழிக்க மினி யூஎஸ்பி வயர் வேண்டும். பழைய கேமராவோடு வந்த அந்தத் தடித்த வாய் வயர் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் பாட்டு ஏற்றிய கையோடு குப்பையில் போட்டீர்கள். ஆகவே காலையில் உறுமி, மாலையில் உறுமி. மூன்று மாதத்தில் அதன் ஒவ்வொரு அடியும் உங்களுக்கு மனப்பாடம். ஒரு பாட்டை இவ்வளவு ஊன்றி நீங்கள் கேட்டதே இல்லை.

பயிற்சி முடிந்தது. மறுபடி மீன் வாங்கப் போகும் மாலையில் அந்தப் போர்வைப் பக்கம் எட்டிப் பாருங்கள். சொன்ன சொல் தவறாதவர், அங்கேயேதான் இருக்கிறார். எதிரே ஒருவர், இரண்டு கையிலும் பை, காதில் இயர்போன். என்ன பாட்டு என்று கேட்கத் தேவையில்லை, வெளியே கசிகிற உறுமியே சொல்லும். "இந்த அண்ணாவக் கேளுங்க, மூணு மாசமா யூஸ் பண்றாரு" என்று கடைக்காரர் உங்களைக் காட்டுவார். அந்த மனிதர் நம்பிக்கையோடு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

தயங்காதீர்கள். "சூப்பர் பீஸ்" என்று சொல்லுங்கள். சொன்ன வாயோடு இன்னொன்று வாங்குங்கள், வேறு கலரில்.