போனைச் சாய்த்ததும் ஆப் கவிழ வேண்டுமா? எளிய வழிகள்

ஒருவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு உங்கள் ஆப்பில் கடன் விண்ணப்பம் நிரப்புகிறார். பெயர், அப்பா பெயர், பான் எண், பின்கோடு எல்லாம் அடித்தாயிற்று. தலையணை நழுவி, போன் சாய்ந்து, திரை படுக்கைவாட்டில் திரும்புகிறது. இப்போது பார்த்தால் பெயர் 600042. அப்பா பெயர் 600042. பான் எண்ணும் அதுவே.

இப்படி ஓர் ஆப் தற்செயலாக அமையாது, அதற்கென்று உழைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் எழுத்துப்பெட்டிக்கு ஐடி கொடுத்துவிட்டால், அடித்ததை அது தானாகவே பத்திரப்படுத்திக்கொள்ளும் என்பதுதான் முதல் தொல்லை. ஐடியே கொடுக்காவிட்டால் பெட்டி காலியாகிவிடும். சுமாரான பலன். ஒரே லேஅவுட்டை நான்கு முறை இன்க்ளூட் செய்து, நான்கு பெட்டிக்கும் ஒரே ஐடியை விட்டுவைத்தால் கடைசிப் பெட்டியில் இருந்தது எல்லாவற்றிலும் வந்து உட்காரும். மேற்படி 600042 கிடைப்பது அப்படித்தான்.

அடிப்படை தெரிந்தால் கெடுப்பது சுலபம். போன் திரும்பும்போது ஆண்ட்ராய்டு உங்கள் ஆக்டிவிட்டியைத் திருப்புவதில்லை. அதைக் கொன்றுவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. நெட்டுக்கு ஒரு லேஅவுட், படுக்கைக்கு ஒரு லேஅவுட் என்று வைத்திருந்தால் சரியானதைப் பொறுக்கியெடுக்க அதுதான் நேர்வழி. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-லேயே கீபோர்டை வெளியே தள்ளினால் திரை படுத்துக்கொள்ளும். ஆகவே இது புதிதாக முளைத்த சங்கடமும் இல்லை. ஆக்டிவிட்டி என்பது கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்ததும் பெருக்கிக் கழுவி அடுத்த பார்ட்டியிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் நகைப்பெட்டியை மணமகள் அறையிலேயே வையுங்கள். அதாவது முக்கியமான தகவல் எல்லாவற்றையும் ஆக்டிவிட்டியின் வேரியபிள்களில் போட்டுவையுங்கள்.

சர்வருக்குப் போகிற அழைப்பையும் ஆன்கிரியேட்டில் வைத்துவிடலாம். புது ஆக்டிவிட்டி பிறக்கும்போதெல்லாம் அது ஓடும் என்பதால், ஒவ்வொரு சாய்வுக்கும் ஓர் அழைப்பு. பட்டியல் இறக்குகிற அழைப்பென்றால் டேட்டா மட்டும்தான் வீண். தவணை கட்டுகிற அழைப்பென்றால் பஸ் திரும்புகிற வளைவிலெல்லாம் தவணை கட்டப்படும். கஸ்டமர் கேரில் நண்பர்கள் இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மரியாதை.

டெஸ்டர் இதையெல்லாம் பக் என்று பதிவு செய்வார். பதறாதீர்கள். மேனிஃபெஸ்ட்டில் ஸ்க்ரீன்ஓரியன்டேஷன் என்று போட்டு போர்ட்ரெய்ட் என எழுதுங்கள். ஒரே வரி. திரை இனித் திரும்பாது, பக் மூடப்படும், மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. மீட்டிங்கில் யாராவது காரணம் கேட்டால் "நம்ம யூசர்ஸ் எல்லாம் ஒரு கையிலதான் யூஸ் பண்றாங்க" என்று சொல்லுங்கள். ஒரு கை எண்ணிப் பார்க்க யாரும் கிளம்பமாட்டார்கள்.

இந்தப் பூட்டின் அசல் மகிமை பிறகுதான் தெரியும். ஆக்டிவிட்டி சாவதற்குத் திரை திரும்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. டார்க் மோடு மாறினால் சாகும். போனின் மொழியை மாற்றினால் சாகும். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று எழுத்தைப் பெரிதாக்கினால் சாகும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 கொண்டுவந்த இரட்டைத் திரையில் நடுக்கோட்டை இழுத்தால் சாகும். பான் கார்டைப் படமெடுக்கக் கேமரா திறக்கிற நேரத்தில், மெமரி குறைந்த போனாக இருந்தால் ஆப்பே மொத்தமாகப் போய்விடும். போனை ஒருமுறை திருப்பிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கக்கூடிய தவறு, இனிமேல் என்றைக்கோ, சாத்தூரில் யாருடைய பழைய போனிலோ மட்டும் தலைகாட்டும். ஆபீஸில் எவராலும் அதை ரீப்ரொட்யூஸ் செய்ய முடியாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில், ஆக்டிவிட்டியை விட்டு வெளியே போன மறுகணமே அதைக் கொல்கிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. டெஸ்டர் கண்ணில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டுப் போட மனசு வராதவர்களுக்குக் கான்ஃபிக்சேஞ்சஸ் இருக்கிறது. "திரை திரும்பினால் நானே பார்த்துக்கொள்கிறேன், நீ கொல்லாதே" என்று ஆண்ட்ராய்டிடம் எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்துவிட்டு எதையும் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது நம் முறை. ஓரியன்டேஷன், கீபோர்ட்ஹிட்டன் என்ற இரண்டை மட்டும் ஏதாவது பழைய டுடோரியலிலிருந்து காப்பியடித்தால் இன்னும் விசேஷம். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.2, அதாவது ஏபிஐ 13 முதல், போன் திரும்பினால் திரையின் அளவும் மாறியதாகவே கணக்கு. ஸ்க்ரீன்சைஸையும் சேர்க்காவிட்டால் ஆக்டிவிட்டி வழக்கம்போல் சாகும். சேர்த்தால் சாகாது, ஆனால் டிசைனர் உயிரைக் கொடுத்து வரைந்த படுக்கைவாட்டு லேஅவுட் வெளியே வராது. நெட்டு லேஅவுட்டே அகலமாக இழுபட்டு நிற்கும், பட்டன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். டிசைனர் கேட்டால் "மெட்டீரியல் டிசைன்" என்று சொல்லிப் பாருங்கள்.

லேஅவுட்-லேண்ட் ஃபோல்டரை நிஜமாகவே பயன்படுத்துவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நெட்டு லேஅவுட்டை அதில் காப்பி செய்துவிட்டு அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதையே மறந்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "கூப்பன் சேர்" என்றொரு பட்டன் வரும். நெட்டில் மட்டும் சேருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆப் ஓடும், படுத்திருப்பவர்களுக்கு நல் பாய்ன்டர் எக்செப்ஷன் வரும். வியூ பைண்டிங் போட்டிருந்தால் சின்ன இடைஞ்சல்: ஒரு லேஅவுட்டில் இல்லாத பட்டன் நல் ஆகலாம் என்று அது முன்பே குறித்துவைத்துவிடும், கோட்லின் கம்பைலரும் கத்தும். இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் குறிகள் எதற்கு என்பது பின்னால் க்ராஷ் ரிப்போர்ட் பார்க்கிறவருக்குப் புரியும்.

தமிழ் ஆப் என்றால் கூடுதல் வசதி உண்டு. ஆங்கிலத்தில் "சப்மிட்" பொருந்துகிற 80 டிபி அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு "சமர்ப்பிக்கவும்" என்று எழுதுங்கள். "சமர்ப்…" என்று நிற்கும். உயரத்தையும் இறுக்கிக் கட்டினால் மேலே இகர வளைவும் கீழே உகரக் கீற்றும் வெட்டுப்படும். தமிழுக்கென்றே படுக்கை லேஅவுட் வைப்பதானால் ஃபோல்டர் பெயரில் டிஏ முதலில், லேண்ட் பிறகு. மாற்றிப் போட்டால் செல்லாது. மாற்றித்தான் போடுவீர்கள், தெரியும்.

டீமில் யாராவது ஒருவர் வியூமாடல் என்று ஆரம்பிப்பார். 2017-இல் கூகுள் அறிவித்தது. ஆக்டிவிட்டி செத்துப் பிறந்தாலும் தகவல் அதில் பிழைத்திருக்கும், மேலே சொன்னதில் பாதி அதோடு போச்சு. அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ரொம்ப வற்புறுத்தினால் எதிர்த்திசையில் ஓடி, பான் கார்டு படத்தையே, ஆக்டிவிட்டி சாகுமுன் ஆண்ட்ராய்டு வாங்கிப் பத்திரப்படுத்துகிற பண்டிலில் திணித்துவிடுங்கள். அந்த வழியில் ஆப் முழுவதற்கும் சேர்த்தே 1 எம்பி அளவுக்குத்தான் இடம். நிரம்பினால் ஆண்ட்ராய்டு 7 முதல் ஆப் விழும், அதுவும் திறக்கும்போது அல்ல, மூடிவைக்கும்போது.

ஒரே ஒரு கவலை. இத்தனை காலம் காப்பாற்றிய போர்ட்ரெய்ட் பூட்டை 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16 மதிப்பதில்லை. ஏபிஐ 36-ஐக் குறிவைக்கும் ஆப் என்றால், குறுகிய பக்கம் 600 டிபியோ அதற்கு மேலோ உள்ள டேப்லெட்டிலும் மடக்குப் போனின் உள்திரையிலும் பூட்டு இருந்தாலும் திரை திரும்பும். கேம்களுக்கு மட்டும் விலக்கு. உங்கள் கடன் ஆப்பை மேனிஃபெஸ்ட்டில் கேம் என்று பதிவு செய்யலாம். வட்டி விகிதத்தைப் பார்த்தவர்கள் ஆட்சேபிக்கமாட்டார்கள். கூச்சமாக இருந்தால், "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்கிற ஒரு வரியும் மேனிஃபெஸ்ட்டில் எழுத முடியும். ஏபிஐ 37-ஐக் குறிவைக்கும்போது அந்த வரி செல்லாது என்று கூகுள் சொல்லிவிட்டது. எனவே வரியை இன்றே எழுதிவிட்டு, ரெஸ்யூமேயையும் கையோடு அப்டேட் செய்யுங்கள். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்பதை மறக்க வேண்டாம்.