பூட்டு இடம் மாறலாம், உறவு?

கேள்வி: காரைக்கால் கிளைச் சிறையில் இருப்பவருக்குத் தண்டனை கிடைத்ததும் புதுச்சேரி காலாப்பட்டுச் சிறைக்குக் கொண்டுபோகிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: கிளைச் சிறை ஒரு காத்திருப்பு அறை. வாய்தாவுக்கு அழைத்துப் போக வசதியாக, விசாரணைக் கைதியைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் இடம். நீண்ட தண்டனை என்றால் தொழில், படிப்பு, மருத்துவம் எல்லாம் வேண்டும். அதற்குத்தான் காலாப்பட்டு மத்திய சிறை. மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நம் புதுச்சேரி மாநில வரைபடத்தைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நான்கு துண்டுகள்! புதுச்சேரி நகரிலிருந்து காரைக்கால் சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஏனாம் காக்கிநாடா பக்கம், மாஹே கேரளக் கரையில். கைதி போலீஸ் வண்டியில் ஒரே ஒரு முறை வருகிறார். அவருடைய அம்மாவோ மகனைப் பார்க்கும் ஒவ்வொரு மனுவுக்கும் விடியற்காலையில் பஸ் ஏறி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டி, மடியில் துணிப்பையோடு வருகிறார். சில நிமிடப் பேச்சுக்கு ஒருநாள் கூலி போகிறது. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை, தண்டனையில் இருக்கிறது.

தண்டனை போலப் பாதிக்கும் சிறை மாற்றத்துக்கு நீதிபதியின் பரிசீலனை வேண்டும் என்று 1979-லேயே சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதியை முடிந்தவரை வீட்டுக்கு அருகில் வைக்க வேண்டும், மாற்றினால் அதை உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்க அவருக்கு உரிமை உண்டு என்கின்றன ஐ.நா.வின் 2015 நெல்சன் மண்டேலா விதிகள்.

கைதியை மாற்றுங்கள், அவர் வீட்டுக்கு ஒரு போனும் போடுங்கள். திரும்பி வரும்போது கதவைத் திறக்கப்போவது அந்த வீடுதான்.