மரத்து மேல மைனர்

ஏனப்பா அப்புனு, மான் வேட்டைக்குப் போறியா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போறியா?

வாசல்ல வந்து எறங்கியிருக்கற அட்டைப்பெட்டியெல்லாம் பாத்தா எனக்கு அந்தச் சந்தேகம் வந்துருச்சு. எலை எலையாப் படம் போட்ட சட்டை. அதே எலை போட்ட டவுசரு. உள்பனியன்லயும் எலை! ஏஞ்சாமி, உள்பனியன மானுக்கு எப்பக் காட்டப் போற?

மகன் வீட்டுக்குன்னு மிச்சிகன் வந்ததுல இருந்து இந்தக் கூத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். அக்டோபர் 1 பொறந்தா வில்லுக்காரனுக்குக் காடு தொறந்துரும். நவம்பர் 15 துப்பாக்கிக்காரன் முறை. அன்னிக்குச் சில ஊர்ல பள்ளிக்கூடத்துக்கே லீவு உடறாங்க. நம்மூர்ல 1972 வனவிலங்குச் சட்டம் இருக்குது, மான் மேல கை வெச்சா கம்பி எண்ணோணும். இங்க நெலமை வேற. 1900 வாக்குல சுட்டுச் சுட்டு வித்தே ஒழிக்கப் பாத்தாங்க. அப்பறம் சட்டம் போட்டுக் காப்பாத்துனாங்க. இப்ப அமெரிக்கா பூரா வெள்ளைவால் மானு மூணு கோடி இருக்கும்ங்கறாங்க. அடிச்சுத் திங்க ஓநாயும் பெரும்பாலான எடத்துல இல்ல. பூச்செடியத் தின்னுட்டு, ராத்திரியானா காருக்கு முன்னால வந்து நிக்குது. அதனால அரசாங்கமே சீட்டுக் குடுத்து அனுப்புது. போ, வேண்டாங்கல. போற லட்சணத்தத்தான் சொல்றேன்.

அந்த வில்ல எடு, பாப்போம். ரெண்டு முனையிலயும் சக்கரம், குறுக்க நெடுக்கக் கயிறு. 1960-கள்ல மிசௌரிக்காரரு ஹாலஸ் வில்பர் ஆலன்னு ஒருத்தரு ரோசன பண்ணுனது. நல்ல ரோசனைதான். 70 பவுண்டு இழுத்தாலும் கடைசில கையில நிக்கறது 14, 15 பவுண்டுதான். மானு சரியாத் திரும்பற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நிக்கலாம். ஆனா 70 எதுக்கப்பா உனக்கு? வெள்ளைவாலுக்கு 45, 50 போதும். கடைக்காரன் முன்னால மானம் போயிருமேன்னுதானே வாங்குன? பனியில மரத்து மேல ரெண்டு மணி நேரம் வெறைச்சு உக்காந்துட்டு அத இழுத்துப் பாரு. வில்லு வானத்துக்குப் போகும், பல்லு கிட்டிக்கும், மரம் பூரா ஆடும். கீழ நிக்கற மானு, யாரோ ஒறம்பரை கை காட்டிக் கூப்படறாங்கன்னு நெனச்சுக்கும்.

பொறவு அந்தத் தூரம் அளக்கற கருவி. மேல இருந்து பாக்கற சாய்வையும் கழிச்சுச் சொல்லுமாமே? சரி, கணக்குப் போடு. 20 அடி மேல உக்காந்திருக்கற. மானு 20 கெஜத்துல நிக்குது, அதாவது 60 அடி. சாய்வா அளந்தா 63 அடி. வித்தியாசம் மூணே அடி! அதுக்கா அத்தன காசு? மலைச்சரிவுல நின்னு எய்யறவனுக்கு அது வேணும். உனக்கு வேண்டியது இடுப்ப வளைக்கறது. நேரா நின்னுக்கிட்டுக் கையை மட்டும் தாழ்த்துனா அம்பு முதுகுக்கு மேல போயிரும். இடுப்பு வளையறதுக்கு எந்தக் கடையிலும் பொருள் விக்கல.

மானுக்கு மூக்குதான் தெய்வம்னு உனக்கு யாரோ சொல்லிப்புட்டாங்க. சொன்னது மெய்தான். நீ அதுக்குப் பண்ணுன வைத்தியந்தான் பெருங்கூத்து. வாசம் போக்கற சோப்பு, வாசம் போக்கற தண்ணி, துணிய வெச்சு ஓசோன் காட்ற பெட்டி. எல்லாம் ஆச்சு. வர்ற வழில பெட்ரோல் போட்ட. அதே கையில பர்கர் வாங்கித் தின்ன. சட்டையில வாசமே இல்ல, சரி. உன்ற வாய்க்கு எந்த சோப்பு?

மானைக் கூப்படறதுக்குன்னு பெண்மான் மூத்திரத்தக் குப்பியில அடைச்சு விக்கறாங்க, அதையும் வாங்கி வெச்சிருக்கற. என்ற தொண்டுபட்டில ஆயுசு பூராச் சும்மா ஓடுச்சு, எனக்குத்தான் யாவாரம் தெரியாமப் போச்சு. மான்களுக்கு மூளையத் தின்னற சீக்கு ஒண்ணு பரவுது, மூத்திரத்துலயும் போகும்னு சில மாநிலத்துல இந்தக் குப்பிக்கே தடை போட்டுட்டாங்க. அதையாவது படிச்சியா?

வாசத்துக்கு இந்தக் கடைச்சாமான் ஒண்ணுமில்லாம ஒருத்தரு என்ன பண்ணுனாருன்னு கேளு. 1911-ல கலிபோர்னியாவுல, ஓரோவில் ஊருல, இஷின்னு ஒரு மனுசன் காட்ட உட்டு வெளிய வந்தாரு. யாஹிக் குடியில கடைசியா மிஞ்சுன ஆளு. சாக்ஸ்டன் போப்புன்னு ஒரு டாக்டருக்கு வில்லு பழக்குனது அவருதான். வேட்டைக்கு முன்னால பொகையில தொடமாட்டாராம். மொத நாள் மீன் திங்க மாட்டாராம். வெடியால ஓடையில குளிச்சுட்டு, வாசத் தழையப் பறிச்சு மேலெல்லாம் தேய்ச்சுக்குவாராம். செலவு எவ்வளவு ஆச்சுன்னு நீயே கணக்குப் போட்டுக்க.

எங்க பக்கத்து வீட்டுல வேட்டைக்காரக் கெழவரு ஒருத்தரு இருக்காரு. மில்க்வீடு காயி ஒண்ணு எப்பவும் அவரு பாக்கெட்டுல கெடக்கும். நம்மூரு எருக்குக்குப் பங்காளிச் செடி அது. காய நகத்தால கீறி, காத்து எந்தப் பக்கம்னு பாக்கப் பட்டுப் பஞ்சு ஒண்ண எடுத்து உடுவாரு. அது நேராப் போயி, மரத்தச் சுத்தி, பள்ளத்துப் பக்கம் எறங்குதுன்னு வெச்சுக்க. கண்ணை எடுக்காமப் பாப்பாரு. "இந்த மரம் இன்னிக்கு ஆகாது"ம்பாரு. அடுத்த மரத்துக்குப் போயிருவாரு. அவ்வளவுதான். வெயில் ஏற ஏறக் காத்து மேட்டுக்குப் போகும், பொழுதோட குளுந்து பள்ளத்துக்கு எறங்கும். இது தெரியாம வெடியால உக்காந்த மரத்துலயே பொழுதோடவும் போயி உக்காந்தா, ஓசோன் பெட்டி என்ன பண்ணும்? பஞ்சு ரோட்டோரமாச் சும்மா கெடக்குது. சும்மா கெடக்கறதாலதானே உனக்கு எளக்காரம்?

நம்ம காட்டுலயும் பரண் உண்டு. சோளத்துக்குப் பன்னி வராம இருக்க மேல ஏறித் தகரத்தத் தட்டுவோம். நீ மானு வரோணும்னுதானே ஏறற? ஆனா நீ போடற சத்தத்துக்கு என்ற தகரமே தேவலாம். ஜிப்ப இழுக்கற சத்தம், ஒட்டுப்பட்டை கிழியற சத்தம், காட்டுல கட்டி வெச்ச அந்த டிரெயில் கேமராப் படம் வந்தா போனு கொர்ருங்கற சத்தம். மரத்துல உக்காந்துக்கிட்டு அடுத்த மரத்துக்கிட்ட மானு வந்துச்சான்னு போன்ல பாக்கறவன நான் இங்கதான் கண்டேன். அம்பு நொடிக்கு 280 அடி போகுமா? சத்தம் 1,100 அடி போகும். வில்லு டொங்குன்னது காதுல உழுந்த பொறவுதான் அம்பே போயிச் சேரும். அதுக்குள்ள மானு குனிஞ்சு ஒடம்பத் தாழ்த்திரும்.

இத்தனை வாங்குனயே, கச்சை எங்க? ஹார்னஸுன்னு சொல்லுவீங்களே, தோளுக்கும் தொடைக்குமாப் போடறது. பெரும்பாலும் மரத்துல கட்டி உக்கார்ற ஸ்டாண்டு வாங்குன பெட்டிக்குள்ளயே ஒண்ணு வருது. பிரிக்காமக் கராஜ்ல கெடக்குதா? ஆனைய வாங்கிட்டு அங்குசத்த மறந்தவன் நீதான். மானு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போன வேட்டைக்காரன் அபூர்வம், மரத்துல இருந்து உழுந்து போனவன்தான் ஏராளம். அதுவும் மேல உக்காந்திருக்கறப்ப மட்டுமில்ல, ஏறறப்பவும் எறங்கறப்பவும், ஏணிய உட்டு ஸ்டாண்டுக்குக் கால் மாத்தறப்பவும். அதனால உயிர்க்கயித்த மரத்து மேல இருந்து தரை வரைக்கும் தொங்க உட்டுக் கட்டு. தரையிலயே கச்சைய அதுல மாட்டிக்கிட்டு ஏறு. வில்லத் தோள்ல மாட்டிக்கிட்டு ஏறாத. மேல போயிக் கயித்துல தூக்கிக்க. உழுந்து தொங்குனா சும்மா தொங்கிக்கிட்டே இருக்காத. தொடையில வார் இறுக்கி ரத்தம் நின்னுரும், மயக்கம் வந்துரும். கால மிதிக்க ஒரு பட்டையும் கூட வெச்சுக்க. போன வருசம் கட்டி மழையிலயும் பனியிலயும் உட்ட ஸ்டாண்டா? வார அவுத்துப் பாரு, அணில் கடிச்சிருக்கும். அதுக்கெல்லாம் சோம்பலா இருக்குதும்ப. எலை போட்ட பனியன் தேட மட்டும் ராத்திரி பூரா முழிச்சிருந்தயே?

அம்பு பட்டுருச்சுன்னு வெச்சுக்குவோம். ஒடனே எறங்கி ஓடாத. அரை மணி நேரம் அப்படியே இரு. ரத்தம் நுரையா, வெளிர்ச் சேப்பா இருந்தா நுரையீரல், கிட்டத்துலயே கெடக்கும். பச்சையா நாத்தம் அடிச்சா வயித்துல பட்டிருக்குது. பல மணி நேரம் உட்டுப்புடோணும். அவசரப்பட்டுத் தொரத்துனா அந்த வாயில்லாச் சீவன் எங்கியோ போயிச் சாவும், யாருக்கும் ஆகாம. அந்த அரை மணி நேரத்துல நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியும். கையில இன்னும் சிக்காத மானப் பத்தி அத்தை, மாமன், ஆபீஸ்காரன் எல்லாத்துக்கும் சேதி போயிரும். எருமை வாங்கறதுக்கு முன்னாலயே நெய் வெல பேசியாச்சு!

மிச்சிகன்ல 2022-ல இருந்து, மான அடிச்ச 72 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கு இணையத்துல பதியோணும். அத்தைக்கு 72 நொடில சொன்னவன் இத மறந்துட்டு வந்து நிக்காத. கறி வெட்டறவன் கிட்டப் பின்னந்தொடைய எனக்குத் தனியா எடுத்து வெக்கச் சொல்லு. பாட்டி மூஞ்சியச் சுளிப்பா. சுளிக்கட்டும், மொளகு அரைக்கறதும் அவதானே.