எடையும் ஜோசியமும்

முன்பெல்லாம் ரயில் நிலையத்தில் ஒரு எடை மிஷின் நிற்கும். காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு அந்த மிஷின் எதற்கு? ஓசூர் சாலை கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ ஏற்றிக்கொண்டு, அக்கா மேம்பாலம் இறங்கி வரும் ஆட்டோ தெருமுனையில் திரும்புவதற்குள் தெருக்காரர்கள் இரண்டையும் சொல்லிவிடுவார்கள்.

“என்னக்கா, பாதியாயிட்டீங்க? முத்திப்போச்சா?”

முகம் உப்பியிருந்தாலோ வேறு தீர்ப்பு. “நல்லாத்தானே இருக்காங்க, இவங்களுக்கா கேன்சர்?” குமட்டலை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கும், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் எடை கூடுவது சகஜம், வயிற்றில் நீர் கோத்தால் தராசு முள் ஏறும், தொடை கரைந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் தெருவுக்கு எதற்கு?

பார்த்துவிட்டுப் போனாலாவது புண்ணியம். எதிர்வீட்டு மாமா அக்காவின் சர்க்கரையை நிறுத்தினார். மாடிவீட்டம்மா பாலை நிறுத்தினார். “முட்டை சூடு” என்றது மூன்றாவது வீடு. வாட்ஸ்அப் படிக்கும் மருமகன் சோற்றிலேயே கை வைத்தான். மிஞ்சியது கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா, கோமியம். புற்றைப் பட்டினி போடுகிறார்களாம்! அது பட்டினி கிடக்காது ஐயா. தட்டில் கிடைக்காததைத் தசையை உருக்கி வாங்கிக்கொள்ளும். புற்றணுக்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்குவதை 1920களிலேயே விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டார். அதற்காக நோயாளியின் சோற்றை நிறுத்துவது, திருடன் சோறு தின்கிறான் என்று ஊர் அடுப்பையெல்லாம் அணைப்பது.

தெருவை மட்டும் சொல்வானேன்? 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, எலுமிச்சைத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலையோடு சர்க்கரையையும் பாலையும் விலக்கியதில் மனைவியின் நான்காம் நிலைப் புற்றுநோய் 40 நாளில் ஓடியது என்றார். அந்த அம்மையார் அறுவையும் கீமோவும் செய்துகொண்டவர். ஆதாரமில்லை என்று மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டார்கள். டாக்டர்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று சித்துவே பிறகு விளக்கினார். விளக்கத்தை எங்கள் தெருவில் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

கீமோவின் அளவையே உயரமும் எடையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முயலாமலே ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடை குறைந்தால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல், டாக்டருக்கு அது எச்சரிக்கை மணி. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 50 கிலோ அக்காவுக்கு எத்தனை முட்டை என்று மருமகனே கணக்குப் போடட்டும், ஃபோனில் கால்குலேட்டரும் இருக்கிறது.

சர்க்காருக்கும் இந்தக் கணக்கு தெரியாததல்ல. காசநோயாளிக்குச் சத்துணவு வேண்டும் என்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கியது. புற்றுநோயாளி மட்டும் காற்றைக் குடித்துத் தேறுவார் போலும். ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் அட்டை இருக்கிறது, நல்லது. அதை முட்டைக் கடையில் நீட்டி, கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு வாயெல்லாம் புண். எதைத் தின்றாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறதாம். ஆறிய தயிர்சாதம் மட்டும் நாலு வாய் இறங்கும். “தயிரா? சளி பிடிக்குமே!” என்றபடி நேற்றும் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் காபி போட எழுந்தது அக்காதான்.

“எனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடும்மா” என்றார் எதிர்வீட்டு மாமா.